அம்மாவின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: தூரத்துக்கா, கிட்டத்துக்கா?

ஆற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருக்கிறது; வலக் கண்ணில் சற்று அதிகம். அறுவை சிகிச்சை தேவை என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. ஆனால் எந்த லென்ஸ் வைப்பது என்ற முடிவை மருத்துவர் எங்களிடமே விட்டிருக்கிறார். ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் மோனோஃபோகல், கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக், தூரம், இடைத்தூரம், கிட்டம் மூன்றுக்கும் பார்வை தரும் டிரைஃபோகல் என மூன்றைச் சொல்லி, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருமாறு கூறினார். அம்மா நாள் முழுவதும் படிப்பவர், எழுதுபவர், தைப்பவர். வாகனம் ஓட்டுவதில்லை. சர்க்கரை நோய் இல்லை. மூன்றில் விலை கூடியதே சிறந்ததாக இருக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் போதிய விவரம் தெரியவில்லை. அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடும்பயணி

வணக்கம். எனக்கு இரண்டு கண்களிலும் டிரைஃபோகல் லென்ஸ்தான் வைத்திருக்கிறார்கள், மனநிறைவோடு இருக்கிறேன். செய்தித்தாள், கணினித் திரை, பேருந்துப் பலகை எல்லாவற்றையும் கண்ணாடியின்றிப் பார்க்கிறேன். தொடக்கத்தில் இரவு நேரத்தில் தெருவிளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரிந்தன. அவை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் நாளடைவில் மனம் அவற்றைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டது. மங்கலான வெளிச்சத்தில் சிறிய எழுத்தைப் படிக்க மட்டும் விளக்கை அருகில் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்ற விருப்பம் இருந்தால் இதைத் தாராளமாகக் கருதலாம்.

விழியளவர்

வணக்கம். கண்புரை அறுவைக்கு முன் கண்ணை அளந்து லென்ஸ் பவரைக் கணக்கிடுவதே என் அன்றாடப் பணி. லென்ஸின் வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு மூன்று விவரங்கள் தேவைப்படுகின்றன. அம்மாவின் கண்ணாடி பவர் என்ன? அது எத்தனை ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது, அண்மையில் மாறியதா? மூன்றாவதாக, அவர் படிக்கும்போது கண்ணாடியை அணிந்துகொள்கிறாரா, கழற்றிவிடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஆற்றங்கரை

மிக்க நன்றி ஐயா. இளமையிலிருந்தே அம்மாவுக்கு மைனஸ் பவர்தான். பல காலம் இரண்டு கண்களிலும் மைனஸ் 4 என்றே இருந்தது. புரை வரத் தொடங்கிய பிறகு ஏறி, இப்போது மைனஸ் 6.5 ஆகியிருக்கிறது. கருவிழியின் சிலிண்டர் 1.75 என்று அறிக்கையில் உள்ளது. வெளியே போகும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் மட்டுமே கண்ணாடி அணிவார். படிக்கும்போது அதைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொள்வார். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்தைக்கூட வெறுங்கண்ணால் வாசித்துவிடுவார். முன்பெல்லாம் புத்தகத்தை மடியிலிருந்து சற்று உயர்த்திப் பிடித்துப் படித்தவர், இப்போது மூக்கை ஒட்டியபடி பிடித்துக்கொள்கிறார். பக்கத்தின் ஓரத்துக்குப் போகும்போது தலையையே திருப்ப வேண்டியிருக்கிறது.

விழியளவர்

நீங்கள் எழுதியதில் விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. விரிவாகச் சொல்கிறேன்.

மைனஸ் 4 பவர் உள்ள கண், கண்ணாடியின்றி 25 சென்டிமீட்டர் தொலைவில் தெளிவாகப் பார்க்கும், மைனஸ் 6.5 என்றால் அத்தொலைவு ஏறத்தாழ 15 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். புரை லென்ஸின் நடுப்பகுதியில் வளரும்போது அது இறுகி, ஒளியை மேலும் வளைக்கத் தொடங்குவதால் மைனஸ் பவர் ஏறுகிறது. புத்தகம் மூக்கருகே வந்ததற்கு அதுவே காரணம். ஆகவே அம்மாவின் இயல்பான கண் மைனஸ் 4 என்றே கொள்ள வேண்டும். சென்ற ஒன்றிரண்டு ஆண்டுகளில் மட்டும் மைனஸுக்கு வந்தவராக இருந்திருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

இப்போது மோனோஃபோகல் லென்ஸை வழக்கம்போலத் தூரத்துக்கு அமைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தெருமுனையில் வருபவரின் முகம் தெரியும், சுவர்க் கடிகாரம் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுவதும் வெறுங்கண்ணால் படித்த ஒருவர், முதன்முறையாகக் கைக்கெட்டும் தொலைவில் உள்ள எதையும் கண்ணாடியின்றிப் பார்க்க முடியாத நிலைக்குத் தள்ளப்படுவார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், இளம் வயதின் இயற்கை லென்ஸைப் போலத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தன்னை மாற்றிக்கொள்ளாது. அறுவை சிகிச்சை முழு வெற்றி, பார்வைப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறார், ஆனாலும் நோயாளி வருந்துகிறார் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. மைனஸ் கண்ணோடு வாழ்ந்தவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

அதே மோனோஃபோகல் லென்ஸையே மைனஸ் 2.5 மீதம் இருக்குமாறு பவர் தேர்ந்து வைத்தால், 40 சென்டிமீட்டர் தொலைவில் தெளிவு கிடைக்கும். புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கலாம். வெளியே போகும்போது முன்புபோலவே கண்ணாடி அணியலாம், அதுவும் இப்போதிருப்பதைவிட மிக மெல்லிய கண்ணாடி. லென்ஸின் வகை இங்கே மாறவில்லை, இலக்கு மட்டுமே மாறியிருக்கிறது.

டோரிக் குறித்தும் ஒரு தெளிவு தேவை. அது மற்ற இரண்டுக்கும் எதிரான மூன்றாவது தேர்வு அன்று. எந்தத் தொலைவுக்கு லென்ஸை அமைப்பது என்பது ஒரு முடிவு, சிலிண்டரை நீக்குவதா என்பது வேறு முடிவு. 1.75 சிலிண்டர் மீதம் இருந்தால் எழுத்து எந்தத் தொலைவிலும் சற்று இழுபட்டே தெரியும். எனவே கிட்டத்துக்கு அமைத்த டோரிக் மோனோஃபோகல் என்பது அம்மாவைப் பொறுத்தவரை முழுக்கப் பொருள் உள்ள தேர்வு. டோரிக் லென்ஸ் தன் அச்சிலிருந்து ஒரு பாகை திரும்பினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 விழுக்காடு வீணாகும். 30 பாகை திரும்பினால் பயனே இருக்காது. படுத்தால் கண் இலேசாகச் சுழலும் என்பதால், அறுவைக்கு முன் நோயாளியை நேராக உட்கார வைத்துக் கருவிழியின் ஓரத்தில் மையால் குறியிடுவார்கள். கருவியே படம் எடுத்து அச்சைக் காட்டும் முறையும் உண்டு. எது பின்பற்றப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனையையும் பரிந்துரைக்கிறேன். அம்மாவின் தூரக் கண்ணாடியை அணிந்தபடியே ஒரு நாள் முழுவதும் படிக்கவும் எழுதவும் தைக்கவும் சொல்லுங்கள், கழற்றக் கூடாது. தூரத்துக்கு லென்ஸ் வைத்தால் கிட்டப் பார்வை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நேரான முன்னோட்டம் இல்லை.

கார்முகில்

விழியளவர் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். டிரைஃபோகல் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அதன் பரப்பில் மிக நுண்ணிய வளையப் படிகள் உள்ளன. அவை உள்ளே வரும் ஒளியை வெவ்வேறு குவியங்களுக்குப் பிரித்து அனுப்புகின்றன. இவ்வகையின் முன்னோடியான இருகுவிய லென்ஸில் ஒவ்வொரு குவியத்துக்கும் ஏறத்தாழ 41 விழுக்காடு ஒளி போகும், எஞ்சிய 18 விழுக்காடு எந்தக் குவியத்துக்கும் பயன்படாது. டிரைஃபோகலில் வீணாவது குறைவு என்றாலும், பங்கு மூன்றாகிறது. ஒரே நேரத்தில் விழித்திரையின் மேல் ஒரு தெளிவான பிம்பமும் அதைச் சூழ்ந்து மங்கலான பிம்பங்களும் விழுகின்றன. இரவு விளக்கைச் சுற்றித் தெரியும் வளையங்களும், வெளிறிய மையில் அச்சான எழுத்து பின்னணியோடு கலங்கித் தெரிவதும் இதனால்தான்.

நல்ல விழித்திரை இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் விழித்திரையின் மையத்தில் சிதைவோ, சர்க்கரை நோயால் வந்த வீக்கமோ, முற்றிய கண் அழுத்த நோயோ இருந்தால், குறைந்த ஒளியை மேலும் பங்கிடுவது அந்தக் கண்ணுக்குச் செய்யும் தீங்காகிவிடும். என் உறவினர் ஒருவருக்கு விழித்திரை மையத்தில் மெல்லிய சவ்வு படர்ந்திருந்தது. அதை முன்கூட்டியே ஸ்கேனில் கண்டறியாமல், இப்படி ஒளியைப் பங்கிடும் மல்டிஃபோகல் லென்ஸை வைத்துவிட்டார்கள். இன்றுவரை அந்தக் கண்ணில் படிக்கச் சிரமப்படுகிறார். எந்த லென்ஸைத் தேர்ந்தாலும், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்த பிறகே தேருங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நெடும்பயணி

கார்முகில் சொல்வதை மறுக்கவில்லை. எனக்கும் அந்த ஸ்கேன் எடுத்தார்கள். ஆனால் மைனஸ் 2.5 மீதம் வைக்கும் யோசனையில் எனக்கு ஒரு கவலை உண்டு. நாள்பட்ட புரைக்குப் பிறகு கிடைக்கும் தெளிவு ஒரு பெரும் கொடை. அதைக் கையெட்டும் தொலைவுக்குள் அடைத்துவிட்டு, எழுந்து நடக்கும்போதெல்லாம் மறுபடி கண்ணாடியைத் தேட வைப்பது சரியா? வயதானவர் இரவில் எழுந்து போகும்போது கண்ணாடி அணிய மறந்தால், படியோ தரைவிரிப்பின் மடிப்போ தெரியாமல் தடுக்கி விழக் கூடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையும் இருக்கிறதே?

விழியளவர்

நெடும்பயணி எழுப்பிய கவலை நியாயமானது. இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. மைனஸ் 2.5 உள்ள கண்ணுக்கு, நிற்கும்போது தரையும் படியின் விளிம்பும் மங்கும், ஆனால் மறைந்துவிடாது. அம்மா இத்தனை காலமும் மைனஸ் 4 கண்ணோடு இரவில் எழுந்து நடந்தவர். அவருக்கு மைனஸ் 2.5 ஒரு படி முன்னேற்றம். தூரம் எப்போதும் தெளிவாக இருந்து பழகியவருக்கோ அது பெரும் பின்னடைவு. பழக்கம் இரண்டு பேருக்கும் வேறு என்பதால்தான் முதலில் அந்தக் கேள்விகளைக் கேட்டேன்.

ஒரு கண் தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு என்ற முறை நல்ல முறைதான். முன்பே கான்டாக்ட் லென்ஸ் மூலம் அப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பாக அமைந்துவிடும். பழகாதவர்களுக்கு இரு கண்களுக்கும் இடையே 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வேறுபாடு ஆழத்தை உணர்வதைக் குலைக்கலாம். தையல் போன்ற நுட்பமான வேலைக்கு இரண்டு கண்களும் ஒரே தொலைவில் ஒத்துழைப்பதே நலம். வேறுபாட்டை 1.25 அளவில் நிறுத்தி, ஒரு கண்ணை மைனஸ் 2.5 ஆகவும் மற்றதை மைனஸ் 1.25 ஆகவும் வைக்கும் இடைவழியும் உண்டு. இரண்டாவது கண் 80 சென்டிமீட்டரில், அதாவது கணினித் திரை, சமையல் மேடை, எதிரில் இருப்பவரின் தட்டு ஆகிய தொலைவுகளில், தெளிவாக இருக்கும்.

பழுப்பேடு

இந்த உரையாடலைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பவர் கணக்கீடு எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு இத்துறையின் முதல் அறுவையே சான்று. இரண்டாம் உலகப் போரில் விமான மூடியின் அக்ரிலிக் துண்டுகள் விமானிகளின் கண்களில் தெறித்து உள்ளேயே தங்கிவிட்டபோது, கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு பெண்ணின் கண்ணுக்குள் பொருத்தினார். கண் லென்ஸை ஏற்றுக்கொண்டது, ஆனால் பவர் பெரிதும் பிசகி, அவருக்கு மிகக் கடுமையான மைனஸ் பவர் வந்துவிட்டது. கண்ணுக்குள் அயல்பொருளை வைப்பதா என்று சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் ரிட்லியை எதிர்த்தார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1981இல்தான் இவ்வகை லென்ஸ்களை முறையாக ஏற்றது. ரிட்லிக்கு 2000ஆம் ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது. அப்போது அவர் தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவ்வளவு காலம் அவர் காத்திருக்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விழியளவரிடம் எனக்கும் ஒரு கேள்வி. சில ஆண்டுகளில் லென்ஸ் கெட்டுப்போய் மாற்ற வேண்டியிருக்கும் என்று பலர் சொல்கிறார்களே, உண்மையா? இன்றைய அளவீடு எவ்வளவு துல்லியமானது?

விழியளவர்

இன்றைய லென்ஸ்கள் ஆயுள் முழுவதற்குமானவை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், பெரும்பாலும் மங்கியிருப்பது லென்ஸ் அன்று, அது அமர்ந்திருக்கும் இயற்கையான உறையின் பின்சுவர். அறுவையின்போது எஞ்சிய செல்கள் அதன்மேல் பெருகிப் படர்கின்றன. இதைத்தான் புரை திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். யாக் லேசரால் அந்தச் சுவரின் நடுவே சிறு திறப்பு உண்டாக்கினால் பார்வை தெளிந்துவிடும். சில நிமிட வேலை, கத்தி இல்லை. லென்ஸின் பின்விளிம்பு கூர்மையான சதுரமாக இருந்தால் செல்கள் அதைத் தாண்டிப் பரவுவது குறையும் என்பதால், இப்போதைய லென்ஸ்களை அப்படியே வார்க்கிறார்கள். நீரை ஈர்க்கும் வகை அக்ரிலிக் லென்ஸ்களில் சிலவற்றில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து லென்ஸே மங்கிப்போவதும் உண்டு. அது அரிது, அப்படி மங்கினால் லென்ஸை மாற்ற நேரலாம்.

அளவீட்டைப் பொறுத்தவரை, கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் இரண்டு தூண்கள். சராசரிக் கண்ணின் நீளம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை டயாப்டருக்குமேல் பிழை வரும். ஒலி அலை முறையில் ஆய்கருவியைக் கருவிழியின் மேல் தொட்டு அளக்கும்போது, கை சற்று அழுத்தினாலே கண் உண்மையைவிடக் குட்டையாகப் பதிவாகிவிடும். தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகள் 1999இல் வந்த பிறகு இந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. ஆனால் புரை மிகவும் முற்றிவிட்டால் அந்த ஒளி உள்ளே ஊடுருவாது. காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாவைப் போன்ற மைனஸ் கண்கள் பெரும்பாலும் நீளமானவை. பழைய சூத்திரங்கள் நீண்ட கண்ணில் தேவைக்குக் குறைந்த பவரைக் காட்டி, நோயாளியைப் பிளஸ் பக்கம் தள்ளிவிடும். பாரெட் யுனிவர்சல் போன்ற புதிய சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும்கூடப் பத்தில் ஏழெட்டுக் கண்கள்தான் இலக்கிலிருந்து அரை டயாப்டருக்குள் வந்தமையும். ஆகவே மைனஸ் 2.5 என்று திட்டமிட்டால் மைனஸ் 2 அல்லது 3 வரலாம் என்ற மனநிலையோடு போங்கள்.

அளக்கும் நாளில் கண் காய்ந்திருந்தால் கருவிழி அளவு தவறிவிடும். உலர்கண் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது லேசர் மூலம் கண்ணாடி பவரைக் குறைத்துக்கொண்டவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கணக்கீட்டு முறையே வேறு.

ஆற்றங்கரை

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தோம். காலையில் கண்ணாடியோடு புத்தகத்தைத் திறந்த அம்மா, கையை முழுவதுமாக நீட்டிப் பார்த்துவிட்டு, தலைப்பு எழுத்துகளை மட்டும் வாசித்தார். தைக்க உட்கார்ந்தபோது நூலின் முனை ஊசிக் காதுக்கு இப்புறமும் அப்புறமும் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியைத் தூக்க இரண்டு முறை கை எழுந்தது. நினைவு வந்து இறக்கிக்கொண்டார். நண்பகலுக்குள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தூரத்தில் இருப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், கையில் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும்" என்று சொன்னார்.

விழித்திரை ஸ்கேன் எடுத்தோம், குறை ஏதும் இல்லை. மருத்துவரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டு, இரண்டு கண்களுக்கும் கிட்டத்துக்கு அமைத்த டோரிக் மோனோஃபோகல் வைக்க ஒப்புக்கொண்டார். நெடும்பயணி ஐயா சொன்னதை மனத்தில் வைத்து, படுக்கை அருகே எப்போதும் எரியும் சிறு விளக்குக்கும் ஏற்பாடு செய்துவிட்டோம்.

முதலில் வலக் கண். இடக் கண்ணுக்குச் சில வாரம் கழித்து என்கிறார்கள். அந்த இடைவெளியில் பழைய கண்ணாடியை அணியலாமா? வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

விழியளவர்

அம்மாவின் சொல்லே சரியான முடிவு.

இடைவெளியில் பழைய கண்ணாடி வலக் கண்ணுக்குப் பொருந்தாது. வலது மைனஸ் 2.5, இடது மைனஸ் 6.5 என்று நான்கு டயாப்டர் வேறுபாடு இருக்கும்போது, புதிதாகக் கண்ணாடி எழுதினாலும் இரண்டு கண்களிலும் பிம்பத்தின் அளவு வேறுபட்டுத் தலைசுற்றும். இடக் கண்ணில் தற்காலிகமாகக் கான்டாக்ட் லென்ஸ் அணிவது ஒரு வழி. அப்படியானால் அந்தக் கண்ணின் அளவீட்டை முன்பே முடித்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றி அளவைக் கெடுக்கும். அது ஒத்துவராது என்றால் இரண்டாவது அறுவையை இயன்றவரை விரைவாக வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் வலக் கண்ணின் பவர் நிலைபெற்று, இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று தெரிந்தால் இடக் கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம் என்பதால், மருத்துவர் எண்ணியிருக்கும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. அதைக் குறைப்பதை அவரிடமே பேசி முடிவெடுங்கள்.

நீண்ட கண்களில் விழித்திரை விலகும் வாய்ப்பு சற்று அதிகம். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் தெரிந்தாலோ, மறுநாள் வரை காத்திராமல் அன்றே காட்ட வேண்டும். அறுவைக்கு அடுத்த சில நாட்களில் வலி கூடி, கண் சிவந்து, பார்வை குறைந்தாலும் அப்படியே. வெளிப்புற ஓரத்தில் நிழல்போல் ஒரு பிறை தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடும்.

அறுவை முடிந்ததும் லென்ஸின் மாதிரி, பவர், வரிசை எண் அச்சிட்ட ஒட்டுத்தாளோடு ஓர் அட்டை தருவார்கள். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். வெளியே செல்வதற்கான புதிய கண்ணாடியை இரண்டாவது கண்ணும் ஆறி, பவர் நிலைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.